மூலைக்குழி

நர்சரியில் அவளை எல்லோரும் மின்னல் என்றுதான் கூப்பிடுவார்கள். சின்னத் தட்டில் முளைத்த நாற்றை எடுத்துப் பெரிய தட்டின் குழிகளில் நடுவதில் அவள் கைக்கு ஈடு கிடையாது. அதனால்தான் போன மாதம் இன்ஜினியர் அவளுடைய வலது கையில் வயர் வைத்த உறையை மாட்டி, அந்தக் கை போன போக்கையெல்லாம் பதிவு செய்து ரோபோவுக்குக் கற்றுக்கொடுத்தார்.

“நீ பாடம் எடுத்தா அதுவும் வாயாடப் போகுது, பாரு” என்று வீட்டுக்காரர் கிண்டலடித்தார். ரோபோ ஒழுங்காக நட ஆரம்பித்தால் அவளுக்கு வேலை இல்லை என்பதை மேனேஜர் சாவகாசமாக நேற்றுதான் சொன்னார். நல்ல மனிதர்!

இன்று காலை ரோபோ நட்டது. சும்மா சொல்லக்கூடாது, ஒரு வேர்கூட அறுபடவில்லை. ஆனால் ஒவ்வொரு தட்டிலும் இடது பக்க மூலைக்குழியை மட்டும் காலியாக விட்டது.

“ஏன்க்கா இப்படிப் பண்ணுது?” என்றார் இன்ஜினியர்.

“என்னைக் கேட்டா? நான் எல்லாக் குழியிலயும்தானே நடுறேன்!”

“பதிவைப் பாத்துட்டேன். உங்க கையும் அந்தக் குழிக்குப் போகவே இல்ல.”

அவள் பேந்தப் பேந்த விழித்தாள். பதினோரு வருஷத்தில் ஒரு தட்டுகூடக் குறையாகப் போனதில்லை. அப்படியானால் பொய் சொல்வது யார், மெஷினா, சொந்தக் கையா?

“காரணம் தெரியாம இதைத் திருத்தினா வேற எங்கயாவது கோளாறு ஆகும் சார்” என்றார் இன்ஜினியர்.

“அதுவரைக்கும் அந்தக் குழியை மின்னல் நடட்டும்” என்றார் மேனேஜர்.

மணிக்கு ஆயிரம் நட்டவளுக்குத் தட்டுக்கு ஒரே ஒரு நாற்று! சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை. ஆனாலும் வேலை தப்பியது.

மதியம் ரோபோவை நிறுத்தியிருந்தார்கள். சும்மா உட்கார முடியாமல் அவளே ஒரு தட்டை இழுத்து மளமளவென்று நட்டாள். முடித்துவிட்டுக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மூலைக்குழிக்குள் அவளுடைய இடது கட்டைவிரல் இருந்தது. தட்டு ஆடாமலிருக்க எப்போதும் அங்கேதான் அழுத்திப் பிடிப்பாள். தட்டைக் கொண்டுபோய் ரேக்கில் வைத்த பிறகுதான் விரலை எடுத்துவிட்டுக் கடைசி நாற்றை நடுவாள். பதிவோ தட்டு மேசையை விட்டு எழும்பியதும் நின்றுவிடும். பாவம் ரோபோ, தனக்கு இல்லாத விரலுக்கு இடம் விட்டுக்கொண்டிருக்கிறது.

“ஏதாவது பிடிபட்டுதாக்கா?” இன்ஜினியர் பக்கத்தில் வந்து நின்றார். காலையிலிருந்து அவர் சாப்பிடக்கூட இல்லை.

சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது.

“ஒண்ணுமே புரியல தம்பி” என்றாள், கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கிக்கொண்டே.