நடுப் பத்தி

கோதண்டபாணி வருஷத்துக்கு ஒரே ஒரு கடிதம்தான் எழுதுவார். அந்த ஒன்று நாலு ஊருக்குப் போகும். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் அவர் ஸ்டோர் கிளார்க். சரக்குச் சீட்டு போடுகிற பழக்கத்தில், தாள்களுக்கு இடையே கார்பன் வைத்து, பேனாவை அழுத்திப் பிடித்து, ஒரே மூச்சில் நாலு காப்பி எடுத்துவிடுவார். போகிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அதற்கென்றே ஒதுக்கின நாள். எழுதி முடித்து, மனைவி கொளஞ்சியம்மாளுக்கு உரக்கப் படித்துக் காட்டி, நாலு மூலையிலும் மஞ்சள் தடவித் தபாலில் சேர்த்தால்தான் அவருக்குப் பொங்கல் வந்த மாதிரி.

முதல் காப்பி நல்லூர் மச்சானுக்கு. எல்லாம் கித்தாப்புதான். இரண்டாவது, பிலாய் இரும்பு ஆலையில் இருக்கும் மூத்தவன் சாமிதுரைக்கு. மூன்றாவது, பட்டணத்தில் வேலை பார்க்கும் கடைக்குட்டி பாலகிருஷ்ணனுக்கு. கடைசிக் காப்பி ஸ்ரீமுஷ்ணத்தில் இருக்கும் அக்கா தங்கம்மாளுக்கு. பாதி எழுத்து பதிந்திருக்காது. அக்காதானே, என்ன கேட்டுவிடப் போகிறாள் என்ற தைரியம்.

கடிதத்தில் பெருமைக்குக் குறைச்சலே இருக்காது. பிலாய்க்குப் போய் வந்த வருஷம், நாக்பூரில் வண்டி நின்றதையும் ஆரஞ்சு வாங்கியதையும் அது புளித்ததையும் ஒரு பக்கத்துக்கு எழுதினார், என்னவோ படையெடுத்துப் போய்வந்தவர் மாதிரி. அதற்கு முன்னால் பிள்ளைகள் சேதி. முதல் பத்தி மூத்தவனுக்கு, கடைசிப் பத்தி இளையவனுக்கு. நடுப் பத்தி மகள் ஆதிலட்சுமிக்கு. அதுதான் எப்போதும் நீளம். டீச்சர் டிரெய்னிங் பாஸ் பண்ணினாள், நல்லூர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது, பெரிய வாத்தியாரே இவளைக் கேட்டுத்தான் எதையும் செய்கிறாராம். இப்படிப் போகும்.

அறுபத்தொன்பதில், அவள் கூட வேலை பார்த்த ஜெயராஜை ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். அவன் கிறிஸ்தவன். அந்த வருஷக் கடிதத்தைப் படித்துக் காட்டும்போது, கோதண்டபாணி மூத்தவனை முடித்த வாயோடு இளையவனுக்குப் போய்விட்டார். கொளஞ்சியம்மாளுக்கு எழுத்து தெரியாதுதான், காது நன்றாகக் கேட்கும். எழுந்து அடுப்படிக்குப் போனாள். "அங்க போனீன்னா அங்கியே இருந்துடு" என்று மனைவியிடம் அவர் முன்னமே சொல்லிவைத்திருந்தார். மகள் குடியிருந்தது கம்மாபுரத்தில். பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அந்த ஒரு மணி நேரத்துப் பயணத்தை ஆறு வருஷம் இரண்டு பேரும் போகவில்லை. வீம்புக்கு ஒரு அளவு வேண்டாமா?

எழுபத்தைந்து கார்த்திகையில் கம்பெனி விலாசத்துக்கு ஒரு கார்டு வந்தது. மூலையில் கறுப்பு மை. 'தங்கள் மகள் ஆதிலட்சுமி விஷக்காய்ச்சலில்' என்பது வரைக்கும் படித்தார். சாவுச் சேதி வந்த கார்டைப் படித்த இடத்திலேயே கிழித்துப் போட்டுவிட வேண்டும், வீட்டுக்குள் கொண்டு போகக் கூடாது என்பது வழக்கம். எத்தனையோ கார்டைக் கிழித்துப் பழகிய கை அது. அவர் மீதியைப் படிப்பதற்குள் கிழித்துவிட்டது. துண்டுகள் ஜாடி கட்டுவதற்காகக் கொட்டி வைத்திருந்த வைக்கோலில் விழுந்தன.

அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. மண்டி போட்டு வைக்கோலைக் கிளற ஆரம்பித்தார்.

சரக்குக் கட்டும் தங்கராசு ஓடி வந்தான். "இன்னா சார் தேடறீங்க?"

"ஒண்ணுமில்லடா. ஒரு சீட்டு."

கையில் அகப்பட்டது நாலைந்து துண்டு. நாளும் கிழமையும் இருந்த துண்டு கிடைக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து சொன்னார். கொளஞ்சியம்மாள் அழவில்லை. முதலில் கேட்டது இதைத்தான்.

"எந்தக் கெழமங்க?"

"தெரியல."

"கார்டுல போட்டிருக்குமே."

"கிழிச்சிட்டேன்."

அதற்குப் பிறகு அவள் அவரோடு பேசவில்லை. சோறு போடுவாள், வெந்நீர் வைப்பாள், வாயைத் திறக்க மாட்டாள். மகன்களுக்கு அவரே இரண்டு வரியில் கார்டு போட்டார். அவர்களும் படித்துவிட்டுக் கிழித்திருப்பார்கள். கம்மாபுரத்துக்குப் போக மட்டும் அவருக்குத் தைரியம் வரவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது?

மார்கழி முடிகிற நேரம் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. தாள் அடுக்கி, கார்பன் வைத்து உட்கார்ந்தார். மூத்தவனுக்குப் புரமோஷன் என்று எழுதி முடித்தார். நடுப் பத்திக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. இந்த வருஷமும் தாண்டிப் போக முடியுமா? முடியாது. சாவை எழுதலாமென்றால் மஞ்சள் தடவ முடியாது. நாலு வீட்டிலும் படித்துவிட்டுக் கிழித்துப் போடுவார்கள். ஆறு வருஷம் கழித்து அப்பன் அவள் பேரை எழுதுகிற காகிதமும் துண்டு துண்டாகிக் குப்பைக்குப் போகும். செத்த சேதிதான் போய்ச் சேர்ந்து கிழிபட்டும் ஆயிற்றே. வாழ்ந்த சேதியை அல்லவா எழுத வேண்டும்? எழுதலாம்தான். என்ன எழுதுவது? நாக்பூர் ஆரஞ்சு புளித்தது வரைக்கும் தெரிந்த மனுஷனுக்கு, மகளைப் பற்றி ஆறு வருஷமாக ஒரு வரி தெரியாது.

பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, ஒரு நோட்டையும் எடுத்துக்கொண்டு கம்மாபுரம் பஸ் ஏறினார்.

ஜெயராஜ் வீட்டில்தான் இருந்தான். இவரைப் பார்த்ததும் திகைத்துப்போய் எழுந்து நின்றான். நாற்காலியைத் துடைத்துப் போட்டான். "உக்காருங்க மாமா" என்றான். அந்த 'மாமா' கோதண்டபாணியை என்னவோ செய்தது. நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"என்னிக்கு?" என்று கேட்டார்.

"வெள்ளிக்கெழம மாமா. விடியற நேரம்."

எழுதிக்கொண்டார். அப்புறம், ஸ்டோரில் இருப்புக் கேட்கிற மாதிரி வருஷம் வருஷமாகக் கேட்டார். எழுபதில் என்ன? எழுபத்தொன்றில் என்ன? ஜெயராஜ் முதலில் விழித்தான். கேட்கிறவர் நோட்டில் வருஷத்தைப் போட்டுக் காத்திருப்பதைப் பார்த்த பிறகு ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தான். நல்லூரிலிருந்து கம்மாபுரத்துக்கு மாற்றல் வந்தது. எழுபத்தொன்றில் பெண் குழந்தை.

"பேரு?"

"சர்ச்சில ஸ்டெல்லா. வூட்ல கூப்புடறது அம்சவல்லின்னு. உங்க அம்மா பேரு வைக்கணும்னு அதுதான் சொல்லிச்சி."

கோதண்டபாணி நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"கடுதாசியப் பத்தி எனக்கு எப்படித் தெரியும்னு கேக்காதீங்க மாமா" என்று ஜெயராஜ் தானாகவே ஆரம்பித்தான். "காணும் பொங்கலுக்கு வருஷா வருஷம் உங்க பொண்ணு ஸ்ரீமுஷ்ணம் போயிடும். அத்தைக்கு வர்ற கடுதாசியப் பாக்க. கடைசிக் காப்பி இல்லிங்களா, மங்கலா இருக்குமாம். அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவுல ஒரு வரி பதியாம போயிருக்குமோன்னு ஜன்னலாண்ட தூக்கிப் புடிச்சிப் பாக்குமாம். அத்தைதான் எங்கிட்ட சொன்னாங்க. திரும்பி வந்தா, 'எங்கப்பாவுக்குக் கார்பன் மாத்தணும்னே தோணாது'ன்னு சிரிக்கும். அதுக்கு மேல ஒண்ணும் சொல்லாது."

கோதண்டபாணி வாய்விட்டு அழுதார். ஐம்பத்தெட்டு வயசு மனுஷன், ஆறு வருஷமாக வாசல் மிதிக்காத வீட்டில், மருமகன் எதிரில், குலுங்கிக் குலுங்கி அழுதார். ஜெயராஜ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். குழந்தை பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போயிருந்தது. அது திரும்பும்வரை இருந்து, பார்த்து, கன்னத்தைத் தொட்டுவிட்டுக் கிளம்பினார். குழந்தைக்கு அவர் யாரென்று தெரியவில்லை. தெரிய வைக்கவும் அவருக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்து புதுக் கார்பன் போட்டு உட்கார்ந்தார். மூத்தவனுக்கு நாலு வரி. நடுப் பத்தி ஒன்றரைப் பக்கம் ஓடியது. 'நலம்' என்கிற வார்த்தையை மட்டும் அவரால் எழுத முடியவில்லை. எழுதி முடித்ததும் அவரே மஞ்சளை உரசி எடுத்து மூலைகளில் தடவினார். கொளஞ்சியம்மாள் அடுப்படிக் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். செத்த பெண்ணுக்கு மஞ்சளா என்று அவள் கேட்கவில்லை.

அவர் படிக்கத் தொடங்கியதும் அவளும் வந்து உட்கார்ந்தாள். மூத்தவன் முடிந்ததும் அவள் வழக்கம்போல எழுந்துகொள்ளப் பார்த்தாள்.

"ஆதிலட்சுமி" என்று படித்தார்.

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மாற்றல் வந்ததைப் படித்தார். அம்சவல்லி பிறந்ததைப் படித்தார். எழுபத்துமூன்றில் மூன்று பேரும் வேளாங்கண்ணி போனார்கள். கடலைக் கண்டு பயந்து ஆதிலட்சுமி எல்லார் செருப்பையும் கையில் பிடித்துக்கொண்டு எட்டவே நின்றாளாம். பெரிய அலை ஒன்று வந்ததும், 'ஏய், அங்கியே நில்லு' என்று மூன்றாம் கிளாஸ் பிள்ளைகளை அதட்டுகிற மாதிரி அதட்டினாளாம். அலை கேட்கவில்லை, இடுப்பு வரைக்கும் நனைந்து போனாள்.

கொளஞ்சியம்மாள் சிரித்துவிட்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது, சிரிப்பும் நிற்கவில்லை. "அப்புடியேதான். சின்னதுலயே கோழிய அப்புடித்தான் மெரட்டுவா" என்றாள். கார்த்திகைக்குப் பிறகு அவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

அவருக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. குரலை உயர்த்தி மேலே படித்தார். எழுபத்துநாலில் தையல் மிஷின் வாங்கினாள். எழுபத்தைந்தில் சைக்கிள் விடக் கற்றுக்கொண்டாள். இரண்டு தரம் விழுந்தாள், மூன்றாம் தரம் பள்ளிக்கூடம் வரைக்கும் போய்விட்டாள். அத்தோடு பத்தி முடிந்திருந்தது. அவர் அடுத்த பத்திக்குப் போகாமல் நிறுத்தினார்.

கொளஞ்சியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவர் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா எழுதியிருக்கீங்க" என்றாள். "அடுத்த வருஷம் அவளப் பத்தி என்னாங்க எழுதுவீங்க?"

கோதண்டபாணி தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அவள் எழுந்து முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். பிறகு அடுப்படிக்குப் போய் உலை வைத்தாள்.