கல்யாணப் படத்தில் ஒரு குருவி

பதுளைக்கு ரயில் வந்து சேராத காலம். கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த சிவஞானத்துக்குப் பசறையிலிருந்து பெண் எடுத்திருந்தார்கள். கல்யாணம் முடிந்த கையோடு, வீட்டுக் கொல்லையில் பலாமரத்துக்கு முன்னால் மூன்று பேரை வைத்துப் படம் பிடித்தார் ஊர்ப் படக்காரர் ஹுமைத். நடுவே நாற்காலியில் மாமியார் வள்ளியம்மை. இருபுறமும் சிவஞானமும் புதுப்பெண் சந்திரகாந்தியும். படத்துக்கு நிறம் தீட்டி இந்தியாவிலுள்ள சொந்தக்காரர்களுக்கு அனுப்ப வேண்டும் என்பது வள்ளியம்மையின் ஆசை.

சில நாள் கழித்து ஹுமைத் படத்தோடு வந்தார்.

“உங்க மூணு பேருக்கும் என்ன நிறம்னு தெரியும்மா. இவருக்கு என்ன நிறம் போடட்டும்?” என்று படத்தின் ஓரத்தில் விரலை வைத்தார்.

மரத்தடிச் சருகுக்குள் ஒரு குருவி நின்றது. மனிதர்கள் மூவரும் கொஞ்சம் அசைந்து மங்கியிருக்க, அது மட்டும் அச்சடித்ததுபோலத் தெளிவாக விழுந்திருந்தது. உருண்டை உடம்பு, நெட்டைக் கால். கண்ணோடு சேர்த்து ஒரு கறுப்புப் பட்டை. வால் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மொட்டைத் துண்டு.

“ஐயையோ, ஆந்தைக்குஞ்சு!” என்றாள் வள்ளியம்மை. “கல்யாணப் படத்துலயா? அழிச்சிருங்க தம்பி.”

“மையத் தடவி மறைச்சிரலாம்மா.”

அந்த வீட்டுக்கு வந்த நாளாக ‘சரிங்க அத்தை’ என்பதைத் தாண்டி சந்திரகாந்தி வாயைத் திறந்ததில்லை. இப்போது தன்னை அறியாமல் சொல்லிவிட்டாள்: “ஆந்தைக்கு மூக்கு இவ்வளவு நீட்டமா இருக்காதுங்களே, அத்தை.”

வள்ளியம்மை மருமகளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஹுமைத்தின் பூதக்கண்ணாடியை வாங்கிப் படத்தின்மேல் குனிந்தாள். “நீட்டந்தான்” என்றாள் வேண்டாவெறுப்பாக.

சிவஞானம் படத்தைக் கடைக்கு எடுத்துப் போனான். எதிர்க்கடை மொஹிதீன் அதைக் காடை என்று அடித்துச் சொன்னார். சேலை வாங்க வந்த ஒருவர், பூனையிடம் வாலைப் பறிகொடுத்த மைனா என்றார். மாலைக்குள் துணி வாங்கியவர்களைவிடக் குருவி பார்க்க வந்தவர்களே அதிகமாகிவிட்டார்கள். மறுநாள் வீட்டுக்கு வந்த ஹுமைத் அலுத்துப்போய், “மண்ணு நிறத்த பூசிட்டா யாரு கேக்கப் போறா?” என்றார்.

“நம்ம கொல்லையிலதானே நின்னுச்சு? பாத்துட்டே போடலாமே, ஹுமைத் நானா” என்றாள் சந்திரகாந்தி.

அன்று மாலையே பின்வாசலில் உட்கார்ந்தாள். கோழிதான் வந்தது. அடுத்த நாள் மழை. அதற்கடுத்த நாள், வள்ளியம்மையும் ஒரு பலகையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் அமர்ந்தாள். “கொசு கடிக்குது. இதுல உனக்குத் தொணைக்கு நான் வேற” என்று முணுமுணுத்தாளே தவிர, எழுந்து போகவில்லை.

வெயில் தாழ்ந்தது. பலாமரத்தடியில் சருகு சலசலத்தது. தத்தித் தத்தி வெளியே வந்தது அதுவேதான்! அதே கறுப்புப் பட்டை, அதே மொட்டை வால். ஆனால் படத்தில் சாம்பலாகக் கிடந்த உடம்பில் எத்தனை நிறம்! முதுகு இளந்தளிர்ப் பச்சை, தோளில் மின்னும் நீலம், நெஞ்சு சந்தனம், அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு. சந்திரகாந்தி மாமியாரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

குருவி தலையைப் பின்னால் சாய்த்து, கணீரென்று இரண்டு சுரத்தில் கூவியது.

வள்ளியம்மை துள்ளி எழுந்தாள். “அடியே காந்தி! ஆறுமணிக்குருவிடி!”

குருவி புதருக்குள் பாய்ந்து மறைந்தது. வள்ளியம்மைக்கு மூச்சு வாங்கியது. “எங்க ஊருல சர்க்கார் கச்சேரியில ஆறு மணி அடிக்கிறதும் இது கத்துறதும் ஒண்ணாக் கேக்கும். இந்தச் சத்தத்தக் கேட்டுத்தான் வெளக்கே ஏத்துவோம். ஆனா ஒரு நாளும் கண்ணுல பட்டதில்ல. ஏதோ அழுக்குக் குருவின்னுல்ல நெனச்சிருந்தேன்!”

“இதையா ஆந்தைன்னீங்க?” என்று சந்திரகாந்தி கேட்டுவிட்டு, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் வள்ளியம்மை விழுந்து விழுந்து சிரித்தாள். மருமகளும் சேர்ந்துகொண்டாள். சிரிப்புச் சத்தம் கேட்டு, யாருக்கு என்னவோ ஏதோ என்று சிவஞானம் ஓடி வந்தான்.

மறுநாள் மாலை ஹுமைத்தும் வந்து ஒளிந்திருந்து பார்த்தார். பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். “இத்தன நிறத்துக்கு நான் எங்கம்மா போவேன்?”

போகவில்லை, உட்கார்ந்து குழைத்தார். ஒரு பக்கம் வள்ளியம்மை, மறுபக்கம் சந்திரகாந்தி.

“நீலம் பத்தாது தம்பி.”

“இதுக்கு மேல போட்டா உங்க சேலைக்கு மிஞ்சாதும்மா.”

“என் சேல கெடக்கட்டும். குருவிக்குப் போடுங்க.”

“நெஞ்சுக்கு மஞ்சள் கூடிப்போச்சுங்க அத்தை.”

“கூடல. சந்தனம்னா அப்படித்தான் இருக்கும்.”

“நீங்க சருகுப் பக்கமே பாத்துக்கிட்டு இருந்தீங்க. நான்தான் நெஞ்சப் பாத்தேன்.”

“பாத்தியாக்கும்! எனக்குக் கண்ணு தெரியாதுன்னு சொல்றியா?”

ஹுமைத் தூரிகையைக் கீழே வைத்தார். “ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க” என்றார். “அதுக்குள்ள எனக்கு ஒரு தேத்தண்ணி வந்தா நல்லாருக்கும்.”