டிலானியின் இடக்கண்

பளீலா டீச்சர் மாவனல்லைக்காரி. காலை ஆறேகால் பஸ்ஸைப் பிடித்தால், அது ரப்பர் மரங்களுக்குள் வளைந்து வளைந்து ஏறி, முதல் மணி அடிப்பதற்குச் சற்று முன்னால் அவளைத் தோட்டப் பாடசாலை வாசலில் இறக்கிவிடும். ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை விஞ்ஞானம் முழுவதும் அவள் தலையில்தான். சுற்று வட்டாரத் தோட்டங்களில் ஆய்வுகூடம் என்று ஒன்று இருந்த பாடசாலை அது மட்டுமே. வெளிநாட்டிலிருந்த யாரோ கட்டிக் கொடுத்தது. வெள்ளை டைல் பதித்த மேசைகள், மூன்று தொட்டிகள், மூன்று குழாய்கள். ஏப்ரல் மழையில் மண் சரிந்து, மேலேயிருந்து வந்த பைப் உடைந்ததிலிருந்து அந்த மூன்றிலும் சொட்டுத் தண்ணீர் கிடையாது.

பாடசாலை அதிபர் கிருஷ்ணராஜ் சும்மா இருந்தார் என்று சொல்ல முடியாது. வலயக் கல்விப் பணிமனைக்கு மூன்று கடிதம், தோட்டத்துரைக்கு இரண்டு கடிதம் எழுதினார். பதில் வந்தது, ஆள் வரவில்லை. அதனால் பளீலா தனக்கென்று ஒரு சட்டம் வைத்துக்கொண்டாள். அமிலமோ காரமோ மேசைக்கு வருகிற நாளில், கீழே ஊற்றுநீர் விழும் பீலியிலிருந்து இரண்டு வாளி தண்ணீர் வந்து மூலையில் உட்கார்ந்த பிறகுதான் அலுமாரியைத் திறப்பாள். பீலிக்கு நூற்றுச் சொச்சம் படி இறங்க வேண்டும். பிள்ளைகள் முறை வைத்துத் தூக்கி வருவார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வலயத்திலிருந்து மேற்பார்வைக்கு ஆட்கள் வருவதாகச் செய்தி. அதிபர் காலையிலேயே வாளி இரண்டையும் எடுத்துப்போய் ஆசிரியர் கழிவறையைக் கழுவச் செய்துவிட்டார். பளீலா ஒன்பதாம் வகுப்போடு உள்ளே நுழைந்தபோது மூலை வெறுமையாக இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். ஆள் அனுப்பித் தண்ணீர் கொண்டுவரப் பாடத்தில் கால்வாசி போய்விடும். தவணைப் பரீட்சைக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. மேற்பார்வைக்காரர்கள் வரும்போது பிள்ளைகள் பாசிச்சாய லிட்மஸ் தாளும் கையுமாக நிற்க வேண்டுமென்று அதிபரும் சொல்லியிருந்தார். இன்றைக்கு ஒரு நாள்தானே என்று அலுமாரியைத் திறந்தாள்.

எரிசோடாக் கரைசலைத் தவணைத் தொடக்கத்தில் கடுமையாகக் கரைத்து வைத்திருந்தாள், வேண்டும்போது வேண்டிய அளவுக்கு நீர்த்துக்கொள்ளலாம் என்று. அதற்கு ரப்பர் மூடி போட்ட போத்தல்தான் வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. அன்றைக்குக் கையில் கிடைத்தது கண்ணாடி மூடி போட்ட போத்தல். இப்போது அந்த மூடி கழுத்தோடு இறுகிப்போய்க் கிடந்தது. திருகினாள், அசையவில்லை. சேலைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு திருகினாள். மூடியோடு சேர்ந்து போத்தலும் மேசைமேல் சுற்றியது.

முன்வரிசையில் டிலானி நின்றாள். மேல் டிவிசனில் ரப்பர்ப் பால் வெட்டும் மல்லிகாவின் மூத்த மகள். பதினான்கு வயது. எதைச் சொன்னாலும் சொல்லி முடிப்பதற்குள் செய்துவிடுகிற பிள்ளை.

“டிலானி, கொஞ்சம் அடியப் பிடிங்க மகள்.”

அவள் இரண்டு கையாலும் போத்தலை அணைத்துப் பிடித்துக்கொண்டு, முகத்தை அதன் மேல் கவிழ்த்தபடி நின்றாள். நன்கொடையோடு வந்த பாதுகாப்புக் கண்ணாடிகள் பட்டி இற்றுப்போய் ஒரு பெட்டிக்குள் கிடந்தன. பளீலா பல்லைக் கடித்துக்கொண்டு திருகினாள். மூடி ஒரே வெட்டாகக் கழன்றது. போத்தல் துள்ளி, கரைசல் டிலானியின் முகத்தில் தெறித்தது.

டிலானி முதலில் கத்தவில்லை. கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “சோப்பு மாதிரி வழுக்குது டீச்சர்” என்றாள். அதற்குப் பிறகுதான் அலறினாள்.

பளீலா அவளை இழுத்துக்கொண்டு தொட்டிக்கு ஓடிக் குழாயைத் திறந்தாள். காற்று சீறியது. பிள்ளைகளிடம் தண்ணீர் கேட்டாள். எல்லோரும் பைகளுக்குள் கையை விட்டுப் போத்தல்களை எடுத்தார்கள். எடுத்த வேகத்தில் முக்கால்வாசிப் பேர் அப்படியே நின்றுவிட்டார்கள். அவர்கள் கொண்டு வந்திருந்தது சீனி போட்ட தேயிலைச் சாயத்தண்ணி. மிச்சப் பேரிடம் இருந்தது நாலு போத்தல் தண்ணீர். அதை இமைகளைப் பிரித்து ஊற்றினாள். நாலு போத்தல் எத்தனை நேரம் வரும்? டிலானியைத் தோளில் சாய்த்துக்கொண்டு படிகளில் இறங்கினாள். பிள்ளை கண்ணைத் திறக்க மாட்டாமல் ஒவ்வொரு படியிலும் தடுக்கினாள். பீலிக்கு அடியில் அவள் தலையைப் பிடித்தபோது எட்டு, ஒன்பது நிமிடம் போயிருக்கும். அதற்குப் பிறகு த்ரீவீல் வரும்வரைக்கும் தண்ணீர் விட்டுக்கொண்டேயிருந்தாள். தன் வலது கையும் புண்ணாகியிருந்ததை ஆஸ்பத்திரியில்தான் கண்டாள்.

ஆஸ்பத்திரியில் தாதி கேட்ட முதல் கேள்வி, “வத்துர தெம்மத?” தண்ணீர் விட்டதாகப் பளீலா சிங்களத்தில் சொன்னாள். எத்தனை நிமிடத்தில் என்று தாதி கேட்டாள். அதையும் சொன்னாள். எழுதிக்கொண்டிருந்த தாதி பேனாவை நிறுத்தி அவளை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள். பிற்பகலுக்குள் டிலானியைக் கண்டிக்கு அனுப்பிவிட்டார்கள்.

மல்லிகா வேலைக்காட்டிலிருந்து நேரே கண்டிக்கு வந்து சேர்ந்தாள். பால் காய்ந்து கறுத்த சட்டை, காலில் சேறு. வார்டுக்கு வெளியே பளீலாவைக் கண்டதும் அவள் அழவில்லை, ஏசவும் இல்லை. ஆய்வுகூடத்தில் தண்ணீர் இல்லையா என்று மட்டும் கேட்டாள். குழாய் உடைந்து கிடப்பதைப் பளீலா சொன்னாள்.

“ரப்பர் ஸ்டோருல பாலுக்கு அசிட் ஊத்துற எடத்துல எங்களுக்கே ஒரு ட்ரம் தண்ணி வச்சிருக்காங்களே, டீச்சர்” என்றாள் மல்லிகா. “நாங்க படிக்காத ஆளுங்க.”

வாளிகளைப் பற்றிப் பளீலா சொல்லவில்லை.

வியாழக்கிழமை அதிபர் அவளைத் தன் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார். இரண்டு நாளில் மனிதர் பத்து வயது கூடினவர் போலிருந்தார். மேசைமேல், அவள் கையெழுத்துக்காக அவர் கைப்பட எழுதிய அறிக்கை இருந்தது. ஆசிரியை கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது, தடுத்தும் கேளாமல் மாணவி தானாகப் போத்தலைத் திறந்தாள் என்று அதில் கண்டிருந்தது. பிள்ளைகளிடம் தான் பேசிக்கொள்வதாகச் சொன்னார். வாளிகளை எடுத்தது தன் பிழைதான் என்பதையும் அவரே சொன்னார். அதைச் சொல்லும்போது சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“உண்மைய எழுதினா ஆய்வுகூடத்தப் பூட்டிருவாங்க டீச்சர். அப்புறம் திறக்கவே மாட்டாங்க. நம்ம புள்ளைங்களுக்கு இருந்தது இது ஒண்ணுதான். எழுதுறதால அந்தப் புள்ளைக்குக் கண்ணு சரியாயிருமா?”

அவர் சொன்னதில் பொய் குறைவு. அதுதான் பளீலாவைப் போட்டு வதைத்தது. யோசித்துச் சொல்வதாகக் கூறி அறிக்கையைப் பைக்குள் வைத்தாள். வீட்டில் அவள் கணவன் ஹிஷாம் அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, அதிபரே பொறுப்பெடுக்கும்போது நீ ஏன் குறுக்கே விழப் பார்க்கிறாய் என்றான். அவன் கெட்டவனல்ல. வேலை போய்விடுமோ என்று பயந்தான்.

சனிக்கிழமை காலை கண்டிக்குப் போனாள். முந்தின நாள்தான் டாக்டர் மல்லிகாவிடம் சொல்லியிருந்தார்: இடக்கண் போனது போனதுதான். வலக்கண் மங்கலாகத் தெரியும். அதையும் காப்பாற்றச் சத்திரசிகிச்சை வேண்டும். கட்டிலில் டிலானி இரண்டு கண்ணும் கட்டப்பட்டுப் படுத்திருந்தாள். இடது கன்னத்தில் தோல் சிவந்து உரிந்திருந்தது. மல்லிகா தலைமாட்டில் இருந்தாள். பளீலாவின் குரல் கேட்டதும் பிள்ளை எழுந்து உட்காரப் பார்த்தாள்.

“டீச்சர், நான் சரியாப் பிடிக்கலையா? அசைஞ்சுட்டேனா?”

நாலு நாளாக அந்தப் பிள்ளை கட்டுக்குள் கிடந்து இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். பளீலா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க சரியாத்தான் பிடிச்சீங்க மகள். எண்ட பிழைதான் அது.” பிறகு மல்லிகாவைப் பார்த்துத்தான் சொன்னாள். “தண்ணி வாளி ரெண்டும் அங்க இல்லன்றத நான் கண்டேன். கண்டுட்டுத்தான் போத்தலத் தொறந்தேன்.”

மல்லிகா மகளின் போர்வையை இழுத்து, சுருக்கம் இல்லாத இடத்தில் எல்லாம் நீவிவிட்டாள். அடுத்த கட்டில்காரி இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போயிருங்க டீச்சர்” என்றாள் மல்லிகா கடைசியில். குரல் உயரவேயில்லை.

அன்றைக்கே பளீலா தன் கைப்பட அறிக்கை எழுதினாள். புண் ஆறாத வலது கையால் எழுத, எழுத்து கோணல்மாணலாக வந்தது. எந்தப் போத்தலில் எதை வைத்தாள், யாரைப் பிடிக்கச் சொன்னாள், வாளி எங்கே போயிற்று, குழாய் எத்தனை மாதமாக வற்றிக் கிடந்தது, மூலையைப் பார்த்தபின் என்ன நினைத்தாள் என்று ஒன்றும் விடாமல் எழுதினாள். ஒரு பிரதியைத் தபாலில் மல்லிகாவுக்கும் அனுப்பினாள்.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். நடுவில் இருந்தவர் அவளுடைய அறிக்கையில் ஒரு வரியைக் கோடிட்டு வைத்திருந்தார். மூலை வெறுமையாக இருந்ததை அவள் பார்த்ததற்கு வேறு சாட்சி உண்டா என்று கேட்டார். இல்லை என்றாள். சாட்சியே இல்லாததை ஏன் எழுத வேண்டும் என்று கேட்டார். அந்தப் பிள்ளை தன் கையைச் சந்தேகப்படுகிறாள் சேர் என்றாள் பளீலா. அவர் விளங்காதவர் போல எதையோ எழுதிக்கொண்டார்.

அதிபர் சொன்னதுபோலவே எல்லாம் நடந்தது. ஆய்வுகூடத்துக்குப் பூட்டுப் போட்டு முத்திரை வைத்தார்கள். அவரை ஓய்வுக்கு ஒரு வருடம் இருக்கும்போது பணிமனையில் ஒரு மூலை மேசைக்கு மாற்றினார்கள். போகிற அன்று அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். பளீலாவிடம் மட்டும் சொல்லவில்லை. அவளுக்கு ஆறு மாதம் வேலை இடைநிறுத்தம், பிறகு வேறு பாடசாலை. தோட்டத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு விஞ்ஞானத்தை இப்போது தமிழ் டீச்சர் புத்தகத்தைப் பார்த்து வாசிக்கிறாராம்.

மார்ச் மாதம் ஒரு காலை, மாவனல்லையில் கண்டி பஸ்ஸுக்கு நின்றபோது மல்லிகாவைக் கண்டாள். பக்கத்தில் டிலானி, தாயின் முழங்கையைப் பற்றிக்கொண்டு, கறுப்புக் கண்ணாடி போட்டு நின்றாள். வளர்ந்திருந்தாள். பளீலா தூணுக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தாள். அதற்குள் மல்லிகா அவளைக் கண்டுவிட்டாள்.

மல்லிகா நேரே வந்தாள். பிளாஸ்டிக் பைக்குள்ளிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினாள்.

“கிளினிக்ல குடுத்தது. இங்கிலீஸ்ல இருக்கு. சரியா வாசிச்சுச் சொல்லுங்க.”

பளீலா வாசித்தாள். வலக்கண் சத்திரசிகிச்சைக்கான வரிசையில் டிலானியின் பெயர் ஏறியிருக்கிறது. வேறொருவர் தானம் செய்யும் கண் கிடைக்க வேண்டும். முறை வர ஒரு வருடமோ மேலேயோ ஆகலாம். அதுவரை மருந்து ஒரு நாளும் தவறக் கூடாது. ஒரு சொல்லையும் மெழுகாமல் சொன்னாள். ஒரு வருடமா என்று மல்லிகா திருப்பிக் கேட்டாள். மேலேயும் ஆகலாம் என்றாள் பளீலா.

டிலானி குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினாள். ஏதோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் பஸ் வந்துவிட்டது. மல்லிகா கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்து, மகளின் கையைப் பிடித்து முதல் படியில் கால் வைக்கச் சொல்லி ஏற்றினாள். பஸ்ஸில் இன்னும் இடம் இருந்தது. பளீலா ஏறவில்லை, அடுத்த பஸ்ஸுக்கு நின்றுகொண்டாள்.