புளிப்பு மாத்திரை

அவள் பஸ் கண்டக்டர். பின் படிக்கட்டில் தொங்குகிறவனுக்கும் கேட்கிற குரல். டாக்டரிடம் மட்டும் அந்தக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள், பிள்ளைக்கு என்ன என்று.

அக்காவும் அத்தானும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபின், பிறக்கும்போதே எச்.ஐ.வி. தொற்றிய அவர்கள் மகளை அவள்தான் வளர்த்தாள். செல்லப்பெயர் வாலு. தொலைதூர வண்டியில் டியூட்டி போட்டதால் பிள்ளையை அதன் பெரியப்பா, அத்தானின் அண்ணன், வீட்டில் விட்டாள். மாதாமாதம் எச்.ஐ.வி. மாத்திரைகளை வாங்கி அவர் கையிலேயே கொடுத்தாள். இப்போது வாலுவின் கழுத்தில் எலுமிச்சை அளவில் ஒரு கட்டி.

"நிணநீர்ச் சுரப்பியில கேன்சர்" என்றார் டாக்டர். "இந்தக் கிருமி இருக்கிற குழந்தைங்களுக்கு அது வர்ற வாய்ப்பு அதிகம். மாத்திரை விடாம போட்டா நல்லாவே குறையும். இவளுக்கு மாத்திரை நின்னு ரொம்ப நாளாயிருக்கே?"

"நிக்கலையே டாக்டர்! நான்தானே வாங்கிக் கொடுத்தேன்!"

வாலு அவள் புடவையை இழுத்தாள். "சித்தி, பெரியப்பா வீட்டுல புளிப்பு மாத்திரைதான். மிட்டாய் மாதிரி இருக்கும். கசப்பு வேணாம்னு நான் அழுதேன்ல, அதனாலதான் கட்டி வந்துச்சா?"

சித்திக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலைவரை பற்றி எரிந்தது.

மறுநாள் காலை பெரியப்பா வீட்டுக்குப் போனாள். மேஜை நாற்காலி விற்கும் கடை அவருடையது. அதைத் திறக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"புளிப்பு மாத்திரை கொடுத்தீங்களாமே?"

அவர் முகம் வெளுத்தது. "சத்து மாத்திரைதாம்மா. வீட்டுக்கு நாலு பேரு வர்றாங்க, போறாங்க. அந்த டப்பாவைப் பார்த்தா என்ன நினைப்பாங்க? பிள்ளையும் நல்லாத்தானே ஓடியாடிட்டு இருந்தா?"

"அந்த மாத்திரையெல்லாம்?"

"சாக்கடையில போட்டுட்டேன்."

அறைந்திருப்பாள். ஆனால் மேஜைமேல் அவருடைய இதய நோய் மாத்திரைகள் கண்ணில் பட்டன. வழித்துத் தன் தோல்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"ஐயோ, கொடும்மா! காலை மாத்திரை இன்னும் போடலை. நெஞ்சு படபடங்குது!"

"ஒரு வேளை தவறினதுக்கேவா? ஆஸ்பத்திரிக்கு வாங்க. செஞ்சதை அவகிட்ட உங்க வாயாலயே சொல்லுங்க. அப்புறம் தர்றேன்."

பஸ்ஸில் வழியெல்லாம் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வியர்த்தார். சித்தி அதைக் கண்குளிரப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு துளி இரக்கம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் வாலுவின் கட்டிலருகே அவர் தலைகுனிந்து நின்றார். "உன் மாத்திரையை நிறுத்தினது நான்தாம்மா. உன்மேல தப்பே இல்லை. பெரியப்பாவை மன்னிச்சிடு."

சாய்ந்திருந்த வாலு எழுந்து உட்கார்ந்தாள்.

"மாட்டேன்" என்றாள். "எனக்கு மருந்து ஏத்துறப்பெல்லாம் நீங்க வந்து உட்காரணும். வாந்தி வந்தா கிண்ணத்தை நீங்கதான் பிடிக்கணும்."

சித்தி பையைத் திறந்து மாத்திரைகளை அவர் கையில் திணித்தாள்.

அவர் வந்தார். கடையைப் பூட்டிவிட்டு ஒவ்வொரு முறையும் வந்தார். ஏன் பூட்டுகிறீர்கள் என்று கேட்டவர்களுக்கு உள்ளதை உள்ளபடி சொல்லவைத்தாள் சித்தி. அவர் பயந்த அதே நாலு பேரிடம். வாலுவுக்கு முடி கொட்டியது, வாயெல்லாம் புண்ணானது. கசப்பு மாத்திரையை மட்டும் முகம் சுளிக்காமல் விழுங்கினாள். மழைக்காலம் முடியும்போது கழுத்துக் கட்டி தடவினாலும் தெரியாத அளவுக்குச் சுருங்கியிருந்தது.

"இன்னும் எத்தனை தடவைம்மா பெரியப்பா வரணும்?" என்று ஒருநாள் அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நான் போதும்னு சொல்றவரைக்கும்" என்றாள் வாலு, கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளி.

பக்கத்திலிருந்த சித்தி கசப்பு மாத்திரையை எடுத்து வாலுவின் கையில் வைத்தாள். அவருக்காக ஒரு வார்த்தை பேச அவளுக்கு இன்னும் மனம் வரவில்லை.