ஒரு மணி நேரச் சூடு

எங்கள் ஆராய்ச்சியாளர் டாக்டர் ஓட்டிலியே மருத்துவமனையிலிருந்து கன்னியாஸ்திரிகள் நடத்தும் இல்லத்துக்கு மாற்றப்பட்ட வாரத்தில்தான், அவளுடைய உருக்குத் துண்டுகளை உலையிலிருந்து வெளியே எடுத்தோம். உண்மையில் அவை அடுத்த வசந்தத்தில் எடுக்கப்பட வேண்டியவை. அதுவரை அவள் இருக்கமாட்டாள் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். க்விடோதான் மேலதிகாரியிடம் போய் நின்று, இப்போதே உடைத்துப் பார்க்க அனுமதி வாங்கி வந்தான்.

ப்ர்னோ நகரில் உள்ள எங்கள் ஆய்வுக்கூடத்தில் உலைகளைப் பார்த்துக்கொள்பவன் க்விடோ. நான், துண்டுகளை ஓங்கி அடித்து உடைக்கும் ஊசல் சுத்தியலை இயக்குபவள். அணு உலையின் பெரிய பம்புகளுக்கு வார்க்கும் உருக்கு, சூட்டிலேயே பல ஆண்டுகள் கிடந்தால் மெல்ல மெல்ல இறுகும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அடித்தால்தான் தெரியும், கண்ணாடி போல உடைகிறதா, வளைந்து கிழிகிறதா என்று. அந்த இறுகல் ஒரு கட்டத்துக்கு மேல் போகாது, நின்றுவிடும் என்று ஓட்டிலியே கணக்கிட்டிருந்தாள். அந்தக் கணக்கை நம்பித்தான், பழைய பம்புகள் இன்னும் ஓடலாம் என்று கையெழுத்தும் போட்டிருந்தாள். அந்தக் கையெழுத்து சரிதானா என்று பார்க்கவே, அதே வார்ப்பிலிருந்து வெட்டிய விரல் நீளத் துண்டுகளைப் பதினைந்து ஆண்டுகளாகச் சூட்டில் வைத்திருந்தாள்.

"ஆலைய வருஷா வருஷம் சோதிக்கிறாங்க, ஊருக்கு ஒண்ணும் ஆகாது. எனக்குத்தான் தெரிஞ்சாகணும். தெரியாம எப்படிக் கண்ண மூடுறது?" என்று என்னிடம் சொல்லியிருந்தாள்.

துருப்பிடிக்காமலிருக்க, உலைக்குப் போகும் துண்டுகளை மெல்லிய உருக்குத் தகட்டில் பொட்டலமாகச் சுற்றுவது எங்கள் வழக்கம். உடைந்த பாதிகளையும் ஜோடி சேர்த்து அப்படியே சுற்றுவோம். அவற்றை ஐந்நூற்று ஐம்பது டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால், ஆண்டுக்கணக்கில் ஏறிய இறுகல் இளகி, உருக்கு புதிதாக வார்த்தது போலாகிவிடும். அப்படிச் சரிசெய்ய வேண்டிய, ஏற்கெனவே உடைத்த பாதிகள் அடங்கிய வேறொரு பொட்டலமும் அன்று அதே மேசையில் இருந்தது. இரண்டின் மேலும் சாக்குக்கட்டியால் எழுதியிருந்தது க்விடோவின் கையுறை பட்டு அழிந்துவிட்டது. ஒன்றை அவன் அடுத்த அறை உலையில் வைத்தான், மற்றதை என்னிடம் கொண்டுவந்தான்.

நான் சுத்தியலைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். க்விடோ பொட்டலத்தைப் பிரித்தான். உள்ளே உடைந்த பாதிகள்.

ஓட்டிலியேயின் துண்டுகள் இன்னும் உடைக்கப்படாதவை. அவன் அடுத்த அறைக்கு நடந்து போய் உலைக் கதவைத் திறந்தான். ஒரு மணி நேரம் எப்போதோ கடந்திருந்தது.

"அழிச்சிட்டேன்," என்றான் திரும்பி வந்து. "அத்தனை வருஷத்தையும் அழிச்சிட்டேன், ஸ்டிஸ்லாவா. அவசரப்பட்டு எடுக்கச் சொன்னதும் நான்தான்."

அவனை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தேன். அவன் குடிக்கவில்லை.

"ரிப்போர்ட்ல உள்ளத எழுதிடலாம்," என்றான் கொஞ்ச நேரம் கழித்து. "ஆனா அவங்ககிட்ட மட்டும்... உங்க கணக்கு சரிதான்னு ஒரு வார்த்தை. யாருக்கு என்ன நஷ்டம்?"

"உன்னால சொல்ல முடியுமா?"

"முடியணும்."

பொய் பாவம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள்தான் நான். ஆனாலும் இல்லத்துக்கு டிராமில் போகும்போது, அவன் சொல்லட்டும், கடவுள் பெரிய மனதோடு பார்ப்பார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓட்டிலியே தலையணைகளில் சாய்ந்திருந்தாள். மதிய உணவு தொடாமல் கிடந்தது: பிளம் பழம் வைத்து அவித்த மாவுருண்டைகள், மேலே சர்க்கரை.

"வந்துட்டாரா உலைக்கு மாப்பிள்ளை," என்றாள். "அம்மா அப்பா செத்தாக்கூட அந்த உலைய விட்டு வரமாட்டியே."

"உடைச்சிட்டோம், டாக்டர்," என்றான் க்விடோ. "நீங்க சொன்ன மாதிரியேதான்."

அவள் கண்களை மூடினாள். முகம் அப்படியே இளகியது.

"சத்தம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

இறுகிய உருக்கு சுள்ளென்று உடையும். இறுகாதது மந்தமாக முனகும். இறுகல் நடுவில் நின்றுவிட்ட உருக்கின் சத்தத்தை அவள் எத்தனை ஆண்டுகளாக மனதுக்குள் கேட்டுப் பார்த்தாளோ. க்விடோ கட்டிலருகே குனிந்தான்.

"சத்தமே கேக்கல, டாக்டர். பொட்டலம் மாறிப்போச்சு. சரிபண்ற உலையில உங்களோடத வெச்சிட்டேன். நான்தான் வெச்சேன்."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். வராந்தாவில் ஒரு கன்னியாஸ்திரி தள்ளுவண்டியை உருட்டிச் சென்றார். அந்த ஓசை தேய்ந்து மறைந்தது.

"ஒரு மணி நேரம் போதும், இல்ல?" என்றாள் சுவரைப் பார்த்தபடி.

"போதும்."

"நேத்து பாதிரியார் பாவமன்னிப்பு கொடுக்க வந்தாரு. அவரும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் எடுத்துக்கிட்டாரு." சிரிக்க முயன்றாள், இருமல் வந்தது. நான் தண்ணீர் கொடுத்தேன். "அப்ப என் கையெழுத்து சரியா தப்பான்னு தெரியாமத்தான் போறேன்."

"என்ன மன்னிச்சிடுங்க."

"கோபம் வருது, க்விடோ. இல்லன்னு சொல்லமாட்டேன். நீ சொன்னத அப்படியே வெச்சிக்கிட்டுப் போயிருந்தா சுகமாத்தான் இருந்திருக்கும்." மெதுவாகத் திரும்பி அவனைப் பார்த்தாள். "காலையிலேர்ந்து ஏதாவது சாப்பிட்டியா?"

அவன் தலையாட்டினான், இல்லை என்று.

"அந்தத் தட்ட எடு. திருப்பி அனுப்பினா சிஸ்டர் திட்டுவாங்க. என் கண்ணு முன்னால சாப்பிடு."

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஆறிப்போன உருண்டைகளைச் சாப்பிட்டான். கண்ணீர் தட்டில் விழுந்தது, துடைக்கவில்லை. அவள் கடைசி உருண்டைவரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, களைப்பாக இருக்கிறது, போய்வாருங்கள் என்றாள்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின ஞாயிறு அவள் இறந்தாள்.

அவளுடைய துண்டுகளை ஒன்றுகூட உடைக்காமல், புதிய தகட்டில் சுற்றி, பழைய சூட்டிலேயே மறுபடி வைத்துவிட்டோம். இந்த முறை க்விடோ அவள் பெயரைச் சாக்குக்கட்டியால் எழுதவில்லை, உளியால் வெட்டினான். அவை மீண்டும் அந்த வயதை எட்டும்போது நாங்கள் இருவரும் ஆய்வுக்கூடத்தில் இருக்கமாட்டோம். வேறு யாரோ சுத்தியலை விடுவார்கள், அந்தச் சத்தத்தைக் கேட்பார்கள். அவள் அறிய விரும்பிய விடையைக் கடவுள் அவளுக்குச் சொல்லியிருப்பார் என்று நம்புகிறேன். க்விடோவுக்கு அந்த நம்பிக்கை இல்லை. அவன் காலையில் வந்ததும் முதலில் அந்த உலையின் கதவில் கையை வைத்துப் பார்க்கிறான்.