அட்டை கடித்த முதுகு

1

இந்தக் கதை ஒரு பாராட்டு விழாவில் பிறந்தது. “நோயாளி வாசலில் வரும்போதே நோயைச் சொல்லிவிடுவார்!” என்று ஒரு மருத்துவரை மேடையில் புகழ்ந்தார்கள். அவர் அடக்கமாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்காகவே ஒரு கதை எழுத உட்கார்ந்தேன்.

மலைமுகட்டில் மூடுபனி மெல்ல மெல்ல

(வேண்டாம். மலைக்கதைகளில் உழைத்து மூடுபனி களைத்துவிட்டது. தவிரவும் இது பங்குனி, நல்ல வெயில்.)

2

ஐம்பதுகளின் நடுவில் ஒரு வருடம், பங்குனி மாதம். வண்டன்மேட்டுக்கு அப்பால் ஓர் ஏலத் தோட்டம். அதன் ஆஸ்பத்திரிக்கு டாக்டர் பிச்சைமணி புதிதாக வந்திருந்தார். முதலமடைக்காரர். கோட்டைக் கழற்றாமல் சாப்பிடுபவர்.

தோட்டத்தின் பெரிய கிளார்க்கு செல்லத்துரை ஒரு சிறுமியைக் கூட்டிவந்தார். மூக்கம்மாள், ஏழு வயது. அவர் மனைவியின் செத்துப்போன அக்காள் மகள். முதுகில் வட்ட வட்டமாகச் சுட்ட புண்கள்.

“அட்டை கடிச்சிட்டுங்கய்யா. சுருட்டு நுனிய வச்சுத்தான் எடுத்தேன். இந்த மலையில அதான் வைத்தியம்.”

பிச்சைமணி அட்டையைக் கண்ணால் பார்த்ததில்லை. முதலமடையில் மாமரம் உண்டு. அட்டைக்கு வேண்டிய ஈரம் கிடையாது. டாக்டர் ‘தெரியாது’ என்று சொல்வதா?

“அட்டைங்களா? பொல்லாத சனியனுங்க அது. எங்க ஊர்லயும் பாத்திருக்கறனுங்க” என்று தலையாட்டினார். களிம்பு தடவினார். செல்லத்துரை ஒரு கட்டுச் சுருட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

(பிச்சைமணியை முட்டாளாக எழுத எனக்கும் ஆசைதான். அவர் முட்டாளில்லை, மரியாதைக்காரர். முட்டாளாவது கேள்வி கேட்டிருப்பான்.)

3

ஆனியில் மழை பிடித்தது. டாக்டரின் கெண்டைக்காலில் ஓர் அட்டை ஏறியது. அவர் போட்ட கூச்சலை இங்கே விரிவாக எழுதியிருந்தேன், அடித்துவிட்டேன். செல்லத்துரையின் சுருட்டிலேயே ஒன்றைப் பற்றவைத்து அட்டையின்மேல் வைத்தார். அது சுருண்டு விழுந்தது. கடிவாயிலிருந்து இரத்தம் நிற்காமல் வடிந்தது. தோலில் ஒரு சூடும் இல்லை; சூட்டை வாங்கிக்கொண்டது அட்டை.

அவர் சுருட்டைப் பார்த்தார். பங்குனி வெயிலில் அட்டை ஏது? சட்டைக்குள், முதுகின் நடுவில், அத்தனை அட்டைகளா? ஒரு புண் கறுத்துப்போன தழும்பு, ஒன்று பக்குக் கட்டியது, ஒன்று அன்றைய கொப்புளம். எல்லாவற்றையும் அவர் கண் அன்றே பார்த்திருந்தது. தலைதான் ஆடிவிட்டது.

4

ஆடியில் மூக்கம்மாளின் கை வீங்கியிருந்தது.

“படியில உருண்டுட்டா. சேட்டை கொஞ்சமில்ல பாத்துக்கிடுங்க” என்றார் செல்லத்துரை.

மேல்கையில் நான்கு நீலத் தடங்கள், பின்புறம் ஒன்று. படிக்கு விரல் கிடையாது. டாக்டர் பெரிய கிளார்க்கை வெளியே உட்காரச் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

“எப்படி கண்ணு ஆச்சு?”

சிறுமி கதவைப் பார்த்தாள். “சித்தப்பா என்ன சொன்னாக?”

“நீ படியில உளுந்தேன்னு சொன்னாருங்க.”

“அப்பம் அதான்.”

(இந்த இடத்தில் டாக்டர் கண்கலங்க ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். கலங்கிய கண்ணால் கட்டுப்போட முடியாது.)

பிச்சைமணி கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தார். இதுவரை உதவாத பகட்டெல்லாம் ஒன்றாகத் திரண்டு வந்து உதவியது. வாயில் வந்த லத்தீன் சொற்களைக் கோத்து முழ நீளத்துக்கு ஒரு நோயைச் சொன்னார். அப்படியொரு நோய் உலகில் இல்லை.

“அப்படின்னா என்னங்கய்யா?”

“ஒட்டுவாரொட்டிங்க. தொட்டவங்களுக்கும் வரும். புள்ள இங்கயே இருக்கட்டுங்க. யாரும் பாக்க வரக்கூடாது.”

செல்லத்துரை இரண்டடி பின்வாங்கி, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே தலையாட்டினார்.

5

இங்கேயே முடித்தால் கைதட்டு கிடைக்கும். ஆனால் மறுநாள் காலை, தோட்டத்து மேனேஜர் துரையே செல்லத்துரையோடு வந்து நிற்கிறார். ஒட்டுவாரொட்டி என்றால் தோட்டத்தையே மூட வேண்டுமே!

முடிவு அ: டாக்டர் வேறு தோட்டத்துக்கு மாற்றப்படுகிறார். மூக்கம்மாள் அந்த வீட்டுக்கே

முடிவு ஆ: போலீஸ் வருகிறது. பெரிய கிளார்க்கு வீட்டில் காப்பி குடித்துவிட்டு

இரண்டையும் எழுத என் கை ஓடவில்லை. உள்ளே கட்டிலில் மூக்கம்மாள் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பெரிய கிளார்க்கு சுருட்டுப் பற்றவைக்கிறார். “என்ன நோய், டாக்டர்?” என்று கேட்டு, துரை பதிலுக்குக் காத்திருக்கிறார்.

பிச்சைமணி வாயைத் திறந்துவிட்டார். வாசகரே, நோய் என்னவென்று அவருக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். நீங்களே சொல்லிவிடுங்கள். லத்தீன் வேண்டாம்.