ஏழாம் நம்பர் துப்பாக்கி

என்மேல் எனக்கு இருக்கும் கோபத்தைச் சொல்வதற்கு முன்னால் ஏழாம் நம்பர் துப்பாக்கியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கம்பெனி வங்கிகளுக்கும் கிடங்குகளுக்கும் ஆயுதக் காவலர்களை அனுப்புகிறது. ஆயுத அறைக்கு நான் பொறுப்பு. கம்பிவலை போட்ட ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர்கள். காலையில் பிஸ்டலை வாங்கிக்கொண்டு போவார்கள், மாலையில் திருப்பித் தருவார்கள். தருவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் தோட்டாக்கள் இருக்கும் மேகசினைக் கழற்ற வேண்டும். பிறகு மேலே இருக்கும் ஸ்லைடைப் பின்னால் இழுத்து, பக்கவாட்டில் உள்ள சின்ன லாக்கைக் கட்டைவிரலால் மேலே தள்ளினால், ஸ்லைடு திறந்தபடியே நிற்கும். உள்ளே தோட்டா இல்லை என்பதை அவர்களும் பார்ப்பார்கள், நானும் எட்டிப் பார்ப்பேன். அப்புறம் ஸ்லைடை மூடி, மூலையில் இருக்கும் மணல் டிரம்முக்குள் துப்பாக்கிக் குழாயை நீட்டி, விசையை ஒரு தரம் அழுத்திவிட்டுக் கொடுப்பார்கள். டிக் என்று கேட்கும். இருபத்தாறு வருஷமாக அந்த டிக்கைக் கேட்டுத்தான் பேரேட்டில் கையெழுத்துப் போடுகிறேன்.

ஏழாம் நம்பரில் அந்த லாக் இறுகிப்போய் இருந்தது. அது போய்ச் சேர்ந்த இடம், நாங்கள் கடியாரம் என்று கூப்பிடும் பெண்ணின் கை.

எங்களிடம் ஆயுதப் பணிக்கு வந்த முதல் பெண் அவள். ஐந்தே முக்கால் என்றால் ஐந்தே முக்காலுக்கு ஜன்னலில் நிற்பாள், அதனால் அந்தப் பட்டப்பெயர். அவளும் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டாள். புருஷன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுக்கையில் இருக்கிறான். இரண்டு பெண்பிள்ளைகள். அந்த வீடு நிற்பது இவளுடைய இந்த ஒரு வேலையில்தான்.

முதல் வாரமே சொன்னாள்.

"அண்ணே, இந்த லாக் ஏறவே மாட்டேங்குது. நகம் பிஞ்சிடும் போலருக்கு."

"புதுசும்மா. பழகப் பழக லூசாயிடும்."

அடுத்த மாதம் மறுபடி சொன்னாள். "வீட்ல மாவு பிசையறதில்லையா? விரல்ல வலு வேணும்ல?" என்றேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். நல்ல ஜோக் அடித்துவிட்டதாக எனக்கும் உள்ளூரக் குளிர்ந்தது. மடையன்.

பழுதுச் சீட்டு எழுதியிருக்கலாம். எழுதினால் எங்கள் மேலதிகாரி கர்னல் கேள்வி கேட்பார். பட்டாளத்தில் அவர் உண்மையில் என்னவாக இருந்தார் என்று யாருக்கும் தெரியாது, மீசையைப் பார்த்து நாங்கள்தான் கர்னலாக்கினோம். அந்தப் புதுப் பிஸ்டல்கள் வந்தபோது ஒவ்வொன்றையும் சோதித்து வாங்கியதாக நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். சோதிக்கவில்லை. பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்த்ததோடு சரி. ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கும்போது வேலியில் போகிற ஓணானை மடியில் கட்டிக்கொள்வானேன் என்று இருந்துவிட்டேன்.

மூன்றாம் தரம் கட்டைவிரலில் பிளாஸ்திரியோடு வந்தாள். எனக்கே பாவமாகிவிட்டது.

"இந்தா, ஒரு காலி மேகசின் தரேன். தோட்டா இருக்கறத கழட்டிட்டு இத சொருகி இழு. காலியா இருந்தா ஸ்லைடு தானா நின்னுக்கும். லாக்கத் தொடவே வேணாம். யார்கிட்டயும் சொல்லிக்காத."

"இத மொதல்லயே சொல்லக் கூடாதாண்ணே? நல்லா இருப்பீங்க!"

இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அந்தச் செவ்வாய்க்கிழமை மழை. நனைந்த ஆட்கள் வரிசையில் முண்டிக்கொண்டிருந்தார்கள். வெளியே வேன் டிரைவர் ஹாரனை விட்டுக் கையை எடுக்கவில்லை. இரண்டு மேகசினையும் அவள் ஒரே கையில் வைத்திருந்தாள். ஒன்றைச் சொருகி இழுத்தாள். ஸ்லைடு நிற்கவில்லை, படாரென்று முன்னால் வந்து மூடிக்கொண்டது.

"இன்னைக்கும் சண்டித்தனம் பண்ணுது பாருங்கண்ணே," என்று மேகசினை உருவினாள்.

அவள் சொருகியது காலி மேகசின் அல்ல. ஸ்லைடு மூடும்போதே ஒரு தோட்டாவை உள்ளே இழுத்துக்கொண்டுவிட்டது. நான் தலையைத் தூக்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பேரேட்டில் எழுதிக்கொண்டே, "சரி சரி, டிரம்ல காட்டிட்டுக் குடு," என்றேன்.

வெடித்தது. அந்தச் சின்ன அறைக்குள் காது அடைத்துப்போய், மணல் முகத்தில் வந்து தெறித்தது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவள் மட்டும் குழாயை டிரம்மிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றாள்.

எங்கள் கம்பெனியில் ஒரு விதி உண்டு. காரணமில்லாமல் யார் கையில் வெடிக்கிறதோ அவர் வீட்டுக்குப் போக வேண்டும். ஆயுதத்தில் கோளாறு இருந்தால் மட்டும் விலக்கு. கர்னல் வந்து பார்த்தார். "நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணை. பிஸ்டல அப்படியே பூட்டி வைங்க," என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

காலை ஏழு மணிக்கே போய் ஆயுத அறையைத் திறந்தேன். ஏழாம் நம்பரை முதல்முறையாக ஒழுங்காகக் கையில் எடுத்து லாக்கைத் தள்ளிப் பார்த்தேன். என் கட்டைவிரலுக்கே ஏறவில்லை. மாவு பிசையச் சொன்னவன் நான். கழற்றிப் பார்த்தால், லாக்கின் ஓரத்தில் ஒரு பிசிறு, எள்ளளவு. நைஸ் எமரித் தாளால் நாலு தேய், துணியால் ஒரு துடை, ஒரு சொட்டு எண்ணெய். பத்து நிமிஷ வேலை.

இனி வேறு யாரும் கஷ்டப்படக் கூடாது என்றுதான் செய்வதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். என் கையெழுத்து மட்டும்தான் கண்முன்னால் நின்றது. அவளைக் காப்பாற்ற இருந்தது அந்த எள்ளளவு பிசிறுதான் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும்.

கர்னலின் மேஜைக்கு எதிரே அவள் சீருடையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"லாக் ரொம்ப இறுக்கம் சார். அதனாலதான் காலி மேகசின் போட்டு இழுப்பேன். நேத்து மாத்திப் போட்டுட்டேன்."

"அந்தக் குறுக்கு வழிய யாரு சொல்லிக் குடுத்தது?"

நான் ஷூ நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நானாதான் சார்," என்றாள்.

கர்னல் என் பக்கம் திரும்பினார். "லாக்கப் பத்திப் புகார் ஏதும் வந்துச்சா?"

"எழுத்துல எதுவும் வரல சார்."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. என் வாழ்க்கையில் நான் பேசிய ஆகக் கேவலமான வார்த்தை அதுதான்.

கர்னல் பிஸ்டலில் தோட்டா இல்லை என்று பார்த்துவிட்டு அவளிடம் நீட்டினார். "எங்க, லாக் பண்ணிக் காட்டு."

அவள் விரலை பேண்ட்டில் துடைத்துக்கொண்டாள். பல்லைக் கடித்து, ஸ்லைடை இழுத்து, இருந்த பலத்தையெல்லாம் கட்டைவிரலுக்குக் கொடுத்துத் தள்ளினாள். லாக் வெண்ணெயாக ஏறியது. தேவையில்லாத வேகத்தில் கை வழுக்கிப் பிஸ்டலே ஆடியது. விட்டுவிட்டு மறுபடி செய்தாள். ஏறியது. மூன்றாம் முறை மெதுவாக, பயந்து பயந்து தள்ளினாள். அப்போதும் ஏறியது. அவள் முகத்தில் ஈயாடவில்லை. கர்னல் வாங்கி ஒற்றை விரலால் தள்ளிப் பார்த்துவிட்டு எழுத ஆரம்பித்தார்.

பெல்ட்டையும் அடையாள அட்டையையும் என்னிடம்தான் ஒப்படைக்க வேண்டும். நடைவழியில் என்னை நோக்கி வந்தாள். காறித் துப்பட்டும் என்று காத்திருந்தேன். நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அங்கேயே எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். அப்படித்தான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அவள் தன் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இவ்ளோ லேசா இருக்கேண்ணே. அப்ப இத்தன நாளும் எனக்குத்தான் தள்ளத் தெரியலையா?"

நான் பெல்ட்டை வாங்கிச் சுருட்டினேன்.

"உங்கள வேற சும்மா சும்மா தொந்தரவு பண்ணிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்கண்ணே."

"பரவால்லம்மா," என்றேன்.